காதர் பாயின் மூட்டுவலி எங்கே போனது?

பிளாஸ்திரியோடு வந்தவர்

காதர் பாய் கடைக்குள் நுழைந்தபோது அவருடைய வலது புருவத்துக்கு மேலே ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. எந்தக் கண்ணில் ஆபரேஷன் என்று குழம்பிவிடக் கூடாது என்பதற்காகக் கண் ஆஸ்பத்திரியில் ஒட்டிவிடுவது அது. ஆபரேஷன் முடிந்தவர்கள் கறுப்புக் கண்ணாடியோடு வருவார்கள். பாய் வெறும் பிளாஸ்திரியோடு வந்திருந்தார்.

“மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாய்ங்க மாப்ள.”

“சுகரா பாய்?”

“முந்நூத்துச் சொச்சமாம். கவுனு மாட்டி, தொப்பி போட்டு, மாப்பிள்ளையாட்டம் உக்கார வச்சு, கடைசில விரல்ல குத்திப் பாத்துட்டு வீட்டுக்குப் போன்னுட்டாய்ங்க.”

திண்டுக்கல் பேகம்பூர் பக்கம் ஒரு மருந்துக் கடையில் நான் மருந்தாளுநர். வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த இடுப்பு இப்போது இல்லை. அந்த இடத்தில் வேறொன்று வந்து நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. காதர் பாய் எங்கள் தெருமுனைக் கடையில் பிரியாணிக்குத் தம் போடும் மாஸ்டர். எனக்கு அவர் பாய், அவருக்கு நான் மாப்ள. எந்த வழியில் மாப்பிள்ளை என்று இருவருமே விசாரித்ததில்லை.

அவருக்குப் பின்னாலேயே அவர் மனைவி ஜமீலாக்கா வந்து நின்றார்.

“தம்பி, நீங்களே கேளுங்க. வீட்டுல களியும் கீரையுமா ஆக்கிப் போடுறேன். இந்த மனுசன் கடையில போயி பிரியாணிய அமுக்குறாரு. இல்லாட்டி சுகரு எப்படி ஏறும்?”

“அல்லா மேல ஆணையா உப்புப் பாக்க ஒரு கரண்டி வாயில வைப்பேன். அம்புட்டுத்தான்.”

“பாய், பொய் சொன்னாலும் சுகர் ஏறுமாம்” என்றேன். கடையில் இருந்தவர்களில் இதற்குச் சிரித்தது நான் மட்டும்தான்.

பாய் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. வலது கண்ணில் புரை முற்றி வெறும் புகையாகத் தெரிந்தது. இடது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. சீரகச் சம்பா அரிசி முக்கால் வேக்காட்டில் இருக்கும்போது, தண்ணீர் எந்த அளவில் நிற்கிறது என்று பார்த்து மூடி போட வேண்டும். அதைக் கண்தான் சொல்லும். போன வாரம் மூடியின் விளிம்பு தெரியாமல் முழங்கையைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

“மொதலாளி நல்லவரு. கல்யாண சீசனுக்குள்ள கண்ணச் சரி பண்ணிட்டு வாங்க பாய்ங்கிறாரு. இல்லைன்னா வேற மாஸ்டர் பாக்கணும்ல? அவரையும் குத்தம் சொல்ல முடியாது” என்றார், குரலைத் தாழ்த்தி.

ஆபரேஷனுக்குச் சுகர் இறங்க வேண்டும். சுகரோ, அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா மாத்திரையை ஏற்ற ஏற்றத் தானும் ஏறியது. மெட்ஃபார்மின் முழு டோஸ். கிளிமிபிரைடு கூட்டியாகிவிட்டது. எடுத்துக் கொடுப்பவன் நான் என்பதால் என் மீதே எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் வீட்டில் இருந்த அட்டைகளை வரவழைத்துப் பெயர், அளவு, காலாவதி எல்லாம் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மிச்சமிருந்தது பிரியாணி மட்டுமே.

துப்பறிந்த லட்சணம்

கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். மறுநாள் மதிய இடைவேளையில் பிரியாணிக் கடைக்குப் போய் அடுப்படி தெரிகிற மாதிரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்தால் சந்தேகப்படுவார் என்பதால் ஒரு மட்டன் பிரியாணி சொன்னேன். அது முடிந்த பிறகும் பாய் எதையும் தின்னவில்லை. வேவு பார்க்கிறவன் பாதியில் எழுந்து போகலாமா? கடமை உணர்வோடு இன்னொன்று சொன்னேன்.

பாய் சொன்னது நிஜம். ஒரு கரண்டியில் உப்புப் பார்த்தார். அதிலும் பாதியைத் துப்பினார். அன்றைக்கு அந்தக் கடையில் சுகர் ஏறிய ஒரே ஆள் நான்தான்.

தோற்றுப்போய் எழுந்தேன். எழுந்தேன் என்று சுலபமாக எழுதிவிட்டேன். ஒரு கையை மேசையிலும் ஒரு கையைத் தொடையிலும் ஊன்றி, ஒரு முனகலோடு நிமிர்ந்தேன். அதே நேரத்தில் அடுப்படியில் பாய் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். அண்டாவுக்கு அடியில் இருந்த நெருப்புக் கங்கை வாரி எடுத்தார். விசுக்கென்று எழுந்து அதை மூடி மேல் பரப்பினார். மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கை எங்கேயும் ஊன்றவில்லை.

நான் அப்படியே நின்றுவிட்டேன். போன ரம்ஜான் வரைக்கும் இந்த மனிதர் அடுப்படியிலிருந்து எழும்போது போடுகிற “யா அல்லா” எங்கள் கடை வரைக்கும் கேட்கும். மாதம் தவறாமல் என்னிடம் மூட்டுவலித் தைலம் வாங்கியவர். யோசித்துப் பார்த்தால், அந்தத் தைலம் அவர் கைக்குப் போயே பல மாதம் ஆகியிருந்தது.

“பாய், மூட்டுவலி எங்க போச்சு?”

“அதுவா? போயே போச்சு மாப்ள. நீ கேக்கவே இல்லையே.”

“எப்படிப் போச்சு?”

“வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல வேன்ல மைக்கு கட்டி வித்தாய்ங்க. மூலிகை கேப்சூல். ரெண்டே நாளு, கொமரன் மாதிரி ஆயிட்டேன். ஒனக்கும் வாங்கியாரவா? எந்திரிக்கவே ரொம்பச் செரமப்படுற.”

மஞ்சப்பை

“வீட்டுல சோறு, வெஞ்சனம் தவிர இவர் வாய்க்குள்ள போறது எதுவா இருந்தாலும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்கக்கா” என்று ஜமீலாக்காவுக்குப் போன் செய்தேன். பாயையும் கூட்டிக்கொண்டு, ஒரு மஞ்சப்பை நிறையக் கொண்டுவந்து கவுன்டரில் கொட்டினார்.

முதலில் ஒரு இருமல் டானிக். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். மருந்து கொஞ்சம், சர்க்கரைப் பாகு நிறைய. அடுத்து வெல்லமும் தேனும் போட்ட ஒரு லேகியம்.

“இது இனிப்பாச்சே பாய்.”

“லேகியம் எப்படி மாப்ள இனிப்பாகும்?”

அதற்கடுத்து ஒரு டப்பாவில் பச்சைப் பொடி. ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் சகலை அனுப்பிய கொய்யா இலைப் பொடி, சுகருக்கு நல்லது என்று. கடைசியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் கறுப்பும் மஞ்சளுமாக கேப்சூல்கள். உறையில் பெயர் இல்லை, என்ன கலந்தது என்று இல்லை, யார் செய்தது என்றும் இல்லை. ஓடுகிற குதிரைப் படம் மட்டும் இருந்தது.

“டாக்டரம்மா கேட்டாங்கள்ல, வேற மருந்து எதுவும் எடுக்குறீங்களான்னு?”

“கேட்டாங்க. இல்லைன்னேன். இதெல்லாம் மருந்தா? இது மூலிகை, அது பொடி, அது லேகியம்.”

அவர் மறைக்கவில்லை. கேட்டதற்கு நேர்மையாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார். நம் ஊரில் மருந்து என்றால் அட்டையில் வரும், டாக்டர் எழுதித் தருவார். மற்றதெல்லாம் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீடு.

“அக்கா, இவரு பசி எப்படி?” என்றேன்.

“அதையேன் கேக்குறீங்க. களிய ரெட்டிப்பாத் திங்கிறாரு. மொகம் பாருங்க, உப்பிப்போயி நெலா மாதிரி இருக்கு. ஒடம்பு தேறிட்டாருன்னு நானும் சந்தோசப்பட்டேன்.”

பசி, உப்பிய முகம், ரெண்டே நாளில் மாயமான வலி, மாத்திரைக்கு அடங்காத சுகர். டிப்ளமோவில் படித்த பாடம் ஒன்று உள்ளே எழுந்து உட்கார்ந்தது. ஸ்டீராய்டு. இந்த மாதிரிக் குதிரைப் படக் கேப்சூல்களில் அதைக் கலந்து விற்பது உண்டு.

உறையை அப்படியே சாக்கடையில் வீசக் கை ஓங்கினேன். நல்லவேளை, அந்தப் பாடத்தின் அடுத்த பக்கமும் நினைவுக்கு வந்தது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு, அதைத் தானே சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ஆளே மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

“வாங்க பாய், டாக்டரம்மாட்ட போவோம். பையோட.”

டாக்டரம்மா போட்ட வழி

டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். பிறகு பாயைப் பார்த்தார்.

“நான் இந்தப் பக்கம் மாத்திரையக் கூட்டிக்கிட்டே போறேன். நீங்க அந்தப் பக்கம் ஒண்ணப் போட்டு ஏத்திக்கிட்டே இருக்கீங்க. எப்படிங்க எறங்கும்?”

“மூலிகைன்னாய்ங்கம்மா.”

“ரத்தம் எடுத்துப் பாத்துருவோம். இதுல ஸ்டீராய்டு இருந்தா கண்ணுல பொறை வளந்ததுக்கும் அதுக்குப் பங்கு இருக்கலாம்.”

பாய் வலது கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மூட்டைக் காப்பாற்றக் கண்ணைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் காலையில் எடுத்த கார்ட்டிசால் டெஸ்டில், அதாவது உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டை அளக்கும் டெஸ்டில், அளவு கீழே கிடந்தது. சந்தேகம் உறுதியானது. கேப்சூலுக்குப் பதில் அளவு தெரிந்த ஸ்டீராய்டு மாத்திரையை எழுதி, அதைப் படிப்படியாகக் குறைக்க வழி போட்டார். அதுவரை சுகரைப் பிடித்து வைக்க இன்சுலின். ஸ்டீராய்டு குறையக் குறைய இன்சுலினும் குறைய வேண்டும் என்பதால் அடிக்கடி சுகர் பார்த்து அவரிடம் சொல்ல வேண்டும். மூட்டுக்கு வேறு வைத்தியம். டானிக்கும் லேகியமும் வேண்டாம். கொய்யா இலைப் பொடிக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை: “இது சுகரைக் கொஞ்சம் எறக்கலாம். இன்சுலினோட சேந்து எம்புட்டு எறக்கும்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இப்பத்திக்கு வேணாம்.”

எல்லாம் ஒழுங்காகப் போனது. சுகர் இருநூற்றுக்குக் கீழே வந்ததும் பாய்க்கு உற்சாகம் வந்துவிட்டது. இங்கேதான் என் தலையில் இடி விழப் பார்த்தது.

ஒரு நாள் பதினோரு மணி வாக்கில் ஜமீலாக்கா போன் செய்தார். “தம்பி, செத்த வாங்க. வேர்த்து ஊத்துது, கை வெடவெடங்குது.”

குளுக்கோமீட்டரோடு ஓடினேன். என் உடம்பு ஓடிப் பார்த்தவர்கள் குறைவு. தெருவே வேடிக்கை பார்த்தது. சுகர் ஐம்பதுகளில் இருந்தது. பாய் நல்ல நினைவோடு இருந்தார், விழுங்க முடிந்தது. குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, ஏறியதும் இட்லி சாப்பிட வைத்து, டாக்டரம்மாவுக்கும் போன் செய்தேன். இன்சுலினை உடனே குறைத்தார்.

“பாய், உண்மையச் சொல்லுங்க. கொய்யாப் பொடியா?”

“சீக்கிரம் எறங்கட்டுமேன்னு ரெண்டு கரண்டி போட்டேன் மாப்ள.”

“சோறு வேகலைன்னு இன்னொரு வண்டி வெறகைத் தள்ளுவீங்களா?”

“அடி புடிச்சிரும்ல.”

“அதான் இப்பப் புடிச்சது.”

தொழில் பாஷையில் சொன்னதும் விளங்கிவிட்டது. டப்பாவை அவரே ஜமீலாக்கா கையில் கொடுத்தார்.

மறுபடியும் பிளாஸ்திரி

மூன்றாவது முறை பாய் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று எனக்குக் கடையில் வேலையே ஓடவில்லை. ஆன்டாசிட் கேட்டவருக்கு ஆணுறையை எடுத்து நீட்டினேன். அவர் பெரிய மனிதர், கோபப்படாமல் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஜமீலாக்கா இறங்கினார். பின்னால், புருவத்துக்கு மேலே அதே வெள்ளைப் பிளாஸ்திரி. அதற்குக் கீழே இந்த முறை கறுப்புக் கண்ணாடி.

“நூத்தி நாப்பத்தஞ்சு மாப்ள. நர்சம்மா ரெண்டு தடவ குத்திப் பாத்துச்சு. மிசினு கெட்டுப்போச்சோன்னு.”

நான் கவுன்டரைத் தாண்டி வந்து அவரைக் கட்டிக்கொண்டேன். தாண்டி என்றால், சுற்றி.

கல்யாண சீசன் தொடங்கியபோது பாய் அடுப்படியில்தான் இருந்தார். கங்கு வாரி எழும்போது “யா அல்லா” மறுபடி கேட்கத் தொடங்கியிருந்தது. மூட்டுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறார். வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. சுகர் அடங்காத ஆள் வந்தால் “வேற மருந்து எடுக்குறீங்களா?” என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள், பையைக் கொட்டச் சொல்லுங்கள். எங்கே வலிக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். எந்த வலி திடீரென்று காணாமல் போனது என்று நீங்கள் கேளுங்கள். நான் இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். பரவாயில்லை, முன்னாலும் அப்படித்தான் பார்த்தார்கள்.

சீசனுக்கு முன்னால், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று பாய் நேராகக் கடைக்கு வந்தார். கவுன்டருக்கு முன்னால் நின்று அலமாரிகளைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார்.

“ஏம்ப்பா, ஒங்க கடை இம்புட்டு அழுக்கா?”

பிறகு என்னை உற்றுப் பார்த்தார். நீண்ட நாளைக்குப் பிறகு ஒரு மனிதர் என் முகத்தை அவ்வளவு தெளிவாகப் பார்ப்பதை உணர்ந்து, நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

“மாப்ள” என்றார் மெதுவாக. “மீசையில வடைத்தூள் ஒட்டியிருக்கு. ஒன் சுகரு எம்புட்டு?”