முப்பத்தெட்டு நிறைமாசம்

துறைமுகத்தில் கண்ணாடியக்கா என்று கேட்டால்தான் அவளுடைய வீட்டுக்கு வழி சொல்வார்கள். இத்தனைக்கும் அவள் கண்ணாடி போடுவதில்லை. பதினொரு வருடம் நீருக்கடியில் இறுக்கிக் கட்டிய முகமூடி, கண்களைச் சுற்றி வெளிறிய ஒரு வளையத்தை விட்டுப் போயிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஃப்ரேம் மாதிரியே இருக்கும்.

அந்தப் பதினொரு வருடமும் கப்பல்களின் அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டினாள். ஒருநாள் வலது காதில் ஏதோ கிழிந்தது. இனிமேல் ஆளுயரத் தண்ணீருக்குக் கீழே போகவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆளுயரத் தண்ணீரில் கப்பல் நிற்காது, ஆனால் கடற்குதிரை இருக்கும். மீன்வள ஆய்வு அலுவலகம் கடற்குதிரைகளை எண்ண ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டுப் போய் நின்றாள். ஆறு பேர் கொண்ட பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது.

அலைதடுப்புச் சுவருக்கு உள்பக்கம் ஒரு கடற்புல் திட்டு. அதன்மேல் ஐம்பது மீட்டர் கயிறு போட வேண்டும். ஐந்து மீட்டருக்கு ஒரு முடிச்சு. மூச்சுக்குழாயை வாயில் வைத்துக் குப்புற மிதந்தபடி, கயிற்றுக்கு இரண்டு பக்கமும் கை எட்டும் தூரத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். முதல் மூன்று வாரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நான்காவது வாரம் பிடிபட்டது. அலைக்குப் புல் முழுவதும் ஒரே தாளத்தில் சாயும், ஒரே தாளத்தில் நிமிரும். நடுவில் ஒன்று மட்டும் அரை நொடி பிந்தி நிமிரும். அதுதான் குதிரை. வாலால் புல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

நிறத்தை நம்பக் கூடாது. இன்று மஞ்சளாக இருப்பது அடுத்த வாரம் பழுப்பாக இருக்கும். மூக்கின் நீளம், தலைமேல் இருக்கும் சின்னக் கிரீடம், முதுகு முள் ஆகியவற்றைப் பார்த்துத்தான் இனம் சொல்ல வேண்டும். வயிற்றுக்குக் கீழே, வால் தொடங்கும் இடத்தில் பை இருந்தால் ஆண். பெண் அந்தப் பையில் முட்டையை வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். சுமப்பதும் பெறுவதும் ஆண்தான். பயிற்சியன்று ஆய்வு அலுவலகத்து அதிகாரியம்மா இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் குறித்துக்கொண்டாள்.

கண்டதையெல்லாம் வெள்ளை பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதுவாள். பை புடைத்திருந்தால் 'ஆ. நிறைமாசம்.' காலியாகித் தொங்கினால் 'ஆ. பெத்தது.' ஈரக்கையால் கிறுக்கிய அந்த எழுத்தை அவளாலேயே மறுநாள் படிக்க முடியாது. அதனால் சாயங்காலம் கணவன் உட்கார்ந்து படிவத்தில் எடுத்தெழுதுவான். படகு எஞ்சின் மெக்கானிக் அவன். எழுத்து முத்து முத்தாக இருக்கும். துறைமுகத்தில் பாதிப் படகுகளின் பெயர் அவன் கையால் எழுதியதுதான். அவன் எழுதி முடித்ததும் அவள் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, சோப்புத்தூள் போட்டுப் பலகையைத் தேய்த்துக் கழுவி வைப்பாள்.

நான்கு மாதம் இப்படிப் போனது. பிறகு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அதிகாரியம்மா படிவங்களை மேசையில் விரித்து வைத்திருந்தார். "உங்களைப் பட்டியல்லேருந்து எடுக்கச் சொல்லி எழுதலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கணும். இது என்ன?"

படிவத்தில் அழகான எழுத்தில் இருந்தது: பெண், நிறைமாசம். அடுத்ததிலும் அதுவே. அதற்கடுத்ததிலும்.

"முப்பத்தெட்டு. ஒரு ஆணுக்குக்கூட வயிறு இல்ல. ஆணா பெண்ணானே தெரியாதவங்க இனத்தை எப்படிச் சரியாச் சொல்லியிருப்பீங்க?"

அவள் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணுகிறவரேதான் படிவத்தை நிரப்ப வேண்டும் என்று மேலே அச்சடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் ஒரு குற்றம் போய் இன்னொன்று வரும். பட்டியலிலிருந்து பெயர் போனால் கிழிந்த காதோடு திரும்பக் கப்பலடிக்குத்தான் போக வேண்டும்.

"கையெழுத்து என்னோடது மேடம். மத்தது என்னோடது இல்ல" என்றாள்.

அதிகாரியம்மா பேனாவை மூடி வைத்தார். "வெள்ளிக்கிழமை நானும் தண்ணியில இறங்குறேன். தனித்தனியா எழுதுவோம். படகுலயே வச்சு ஒத்துப் பார்ப்போம். உங்க கையாலதான் எழுதணும்."

வீட்டுக்குள் நுழையும்போது கணவன் கார்புரேட்டரைக் கழற்றிச் செய்தித்தாளில் பரப்பியிருந்தான்.

"என்னங்க, பலகையில நான் ஆண்னு எழுதினா நீங்க ஏன் பெண்னு எழுதினீங்க?"

அவன் நிமிர்ந்தான். "நிறைமாசம்னும் எழுதியிருந்தியே."

"ஆமா."

"நிறைமாசம்னா பொம்பளதானே? மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மிதக்கிறவ, கை தவறிப் போட்டுட்டேன்னு நினைச்சேன். ஆபீஸ்ல சிரிப்பாங்களேன்னு மாத்தினேன்."

"ஒரு தடவை கை தவறும். முப்பத்தெட்டு தடவையா?"

"அதைத்தான் நானும் நினைச்சேன். என்னடா இவ, ஒவ்வொரு தடவையும் தப்பாவே எழுதுறாளேன்னு."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ."

அன்று அவள் மூஞ்சியைத் தூக்கித்தான் வைத்திருந்தாள். விஷயம் முழுக்கத் தெரிந்த பிறகு அவன் வெகுநேரம் ஒரு ஸ்க்ரூவையே துடைத்துக்கொண்டிருந்தான். "ஆம்பளையா சுமக்குது?" என்று ஒருமுறை தனக்குள் கேட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காற்று அடித்து அடி மண்ணைக் கிளப்பியிருந்தது. கயிற்றின் இரண்டாம் முடிச்சிலிருந்து பார்த்தால் மூன்றாம் முடிச்சு தெரியவில்லை. படகுக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல யானை நின்னாலே தெரியாது. குதிரையைத் தேடுறீங்களே" என்றான்.

இருவரும் பதினைந்து நிமிட இடைவெளி விட்டு இறங்கினார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் படகில் இரண்டு பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அவளுடையதில் ஒன்பது. அதிகாரியம்மாவுடையதில் ஏழு.

"எனக்குச் சிக்காத மூணு உங்ககிட்ட இருக்கு. நீங்க விட்ட ஒண்ணு எங்கிட்ட இருக்கு" என்றார் அதிகாரியம்மா.

"ஆகமொத்தம் பத்து. கணக்கு முடிஞ்சுது, கரைக்குப் போலாமா?" என்றான் படகுக்காரன்.

"நீ சும்மா இருப்பா."

இருவருக்கும் பொதுவான ஆறில் ஐந்து, இனம் முதற்கொண்டு ஒத்துப்போயின. இடித்தது ஒன்றுதான். ஏழாவது முடிச்சு. அதிகாரியம்மா 'பெண்' என்று எழுதியிருந்தார். அவள் எழுதியிருந்தது: 'ஆ. பெத்தது.'

"தட்டையான வயிறுங்க. நான் நல்லாப் பார்த்தேன்."

"முன்னாடியிருந்து பார்த்தா தட்டைதான் மேடம். பக்கவாட்டுல பாருங்க."

திரும்ப இறங்கினார்கள். ஏழாவது முடிச்சுக்கு அருகே அவள் கையைக் கட்டிக்கொண்டு மிதந்தாள். புல் சாய்ந்தது, நிமிர்ந்தது. நான்கு புல் தள்ளி ஒன்று பிந்தி நிமிர்ந்தது. அவள் தொடாமல் விரலை மட்டும் நீட்டினாள். அதிகாரியம்மா பக்கவாட்டில் வந்து, மூச்சுக்குழாய் நுனி மட்டும் வெளியே தெரிய, அசையாமல் கிடந்தார். வால் தொடங்கும் இடத்தில் தோல் சுருங்கித் தொங்கியது, சாமானையெல்லாம் எடுத்துவிட்ட துணிப்பை மாதிரி.

படகில் ஏறியதும் அதிகாரியம்மா தன் பலகையில் 'பெண்' என்பதை அழித்தார். பென்சிலை ஒரு கணம் நிறுத்திவிட்டு எழுதினார்: ஆ. பெத்தது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "பட்டியல்ல இருங்க. ஆனா பழைய நாலு மாசமும் செல்லாது. பலகை இருந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

"அன்னன்னைக்கே கழுவிடுவேன் மேடம்."

"இனிமே ஃபோட்டோ எடுத்துட்டுக் கழுவுங்க. படிவத்தை நீங்களே எழுதுங்க."

முப்பத்தெட்டும் போயின. மறுவாரம் அவள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். படிவம் எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. கணவன் பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பார்த்தான். இரண்டு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எழுத்து ஒன்றும் விளங்கவில்லை, கொஞ்சம் படித்துக் காட்டுங்கள் என்றார்கள்.

அவள் பலகையின் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வரி வரியாகச் சொன்னாள். நான்காவது வரியில் நின்றாள். அது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை. கணவன் எட்டிப் பார்த்தான்.

"ஆண், நிறைமாசம்" என்றான், போனுக்குக் கேட்கும்படி.