இடது கைக்கு ஒரு கையுறை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வருகிற ஆள் நான். ஆம்பூரில் கையுறை தைக்கும் ஃபேக்டரியில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன், மிஷின் நின்றுபோனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவேனே தவிர எலுமிச்சம்பழத்தைத் தேட மாட்டேன். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

போன சித்திரையில் வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஒரே ஒரு பழைய கையுறை, இடது கைக்கானது, தோல் வெடித்து விறைத்துக் கிடந்தது. அனுப்பியவர் தொண்ணூறை நெருங்கும் ஒரு அம்மா. அவருடைய அண்ணன் அந்தக் காலத்துப் பெரிய யுத்தத்தில் குண்டு போடும் விமானத்தில் இருந்தவனாம், இருபது வயது. லீவு முடிந்து கிளம்பும்போது, அண்ணன் போகக் கூடாது என்று இந்தச் சின்னப் பெண் ஒரு கையுறையை ஒளித்துவைத்துவிட்டாள். அவன் தேடிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே மற்றதோடு போனான், திரும்பி வரவேயில்லை. ஆகாயத்தில் அவ்வளவு குளிரில் அந்தக் கை என்ன பாடு பட்டதோ என்பதுதான் அந்த அம்மாவுக்கு இத்தனை வருஷக் கவலை. அதே அளவில் புதிதாக ஒன்று தைத்துக் கொடுத்தால் அவன் பெயர் பொறித்த கல்லின்மேல் வைத்துவிடுவாராம்.

"அவனுக்கு அங்க வேற குடுத்திருப்பாங்க சுமதி, இதுக்குப் போய் இவ்ளோ பேஜார்," என்றார் சூப்பர்வைசர் நசீர் பாய். நியாயம்தான். ஆனால் சின்ன வயசில் தைத்த முள்ளை நியாயம் பேசி எடுக்க முடியுமா?

நானே வெட்டி, நானே தைத்தேன். சூடேறும் உலோகக் கையில் மாட்டித் தேய்த்து எடுத்தேன். எங்கள் வேலையில் கடைசியாக உள்ளே கையை விட்டு, உடைந்த ஊசி இருக்கிறதா என்று ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்க்க வேண்டும். விட்டேன். ஐயோ, ஐஸ் பெட்டிக்குள் விட்ட மாதிரி! வெளியே கத்திரி வெயில், தகரக் கூரை, கழுத்தெல்லாம் வியர்வை. கையுறைக்குள் மட்டும் விரல் மரத்துப்போகும் குளிர். பக்கத்து மிஷின் ஷாஹினைக் கூப்பிட்டு, காரணம் சொல்லாமல் பார்க்கச் சொன்னேன்.

"இன்னாக்கா, நல்லாத்தானே இருக்குது?"

மறுபடி பத்து நிமிஷம் உலோகக் கையில் மாட்டினேன். வெளித்தோல் சுட்டது, உள்ளே அதே குளிர். என்னதான் அது, பார்த்துவிடலாம் என்று ஒரு வீம்பு வந்து, கையை எடுக்காமல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வீம்பு போய்ப் பாவமாகிவிட்டது. ஜுரத்தில் நடுங்கும் பிள்ளையின் கையைப் பிடித்திருப்பது போலத்தான் இருந்தது. "இரு கண்ணு, சரியாப் போய்டும்," என்று வாய்விட்டே சொன்னேன், அவனுக்குத் தமிழ் புரியுமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. நம்பினால் நம்புங்கள், சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மெல்ல மெல்ல வெதுவெதுப்பு வந்தது. இதை யாரிடமும் நான் மூச்சுவிடவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாவின் மெயிலை நசீர் பாய் படித்துச் சொன்னார். பெட்டியைத் திறந்து கையை விட்டாராம், இப்போதுதான் யாரோ கழற்றிவைத்த மாதிரி சூடாக இருந்ததாம். அண்ணனுக்குத் தன்மேல் கோபமில்லை என்று தெரிந்துகொண்டாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கடைசில ஒரு கம்ப்ளெயிண்ட் இருக்குது," என்றார் பாய். "உள்ள ஈரமா இருந்துச்சாம். ஈரம் இழுக்கிற பாக்கெட் கம்மியா போட்டியா?"

இரண்டு பாக்கெட்டை என் கையால்தான் போட்டேன். பாய் பாட்டுக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஏனோ கேட்கத் தோன்றியது.

"பாய், அந்தப் பையனோட ப்ளேன் எங்க விழுந்துச்சு?"

பழைய மெயிலைத் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "கடல்ல."

அந்த ஈரம் உப்புக் கரித்ததா என்று அந்த அம்மாவிடம் ஒரு வரி எழுதிக் கேட்கச் சொல்லலாம்தான். இன்றுவரை சொல்லவில்லை.