காணாமல் போகாத பாஸ்போர்ட்

என் அப்பாவைப் பற்றிப் பெங்களூர் காக்ஸ் டவுனில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனிதர் என்றுதான் சொல்வார்கள். குடிப்பழக்கம் கிடையாது. குரலை உயர்த்திப் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எல்லோருக்கும் முன்னால் போய் உட்காருவார். அம்மாவின் பாஸ்போர்ட்டை மட்டும் ஒளித்துவைத்தார். ஒளித்தவர் அவர், காவல் இருந்தவள் நான். அப்போது நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மலேசியாக்காரி. ஈப்போ பக்கத்துப் பெண். நர்சிங் படிக்கப் பெங்களூருக்கு வந்தவள், அப்பாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டாள். குடியுரிமையை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. "அது ஒண்ணாவது என்னோடதா இருக்கட்டும் லா" என்பாள். அந்த மலேசிய 'லா'வைக் கேட்டு அப்பா வீட்டார் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். தாய் தகப்பன் இல்லாத அம்மாவை வளர்த்து ஆளாக்கியது அவளுடைய அக்கா. எனக்குப் பெரியம்மா. நேரில் நான் பார்த்ததே இல்லை. வாரத்துக்கு ஒருமுறை போனில் வந்து, நான் என்ன சாப்பிட்டேன் என்று விசாரிக்கும் ஒரு குரல், அவ்வளவுதான்.

அந்த வருஷம் பெரியம்மாவுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. சில மாதங்கள் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அம்மா உடனே கிளம்பத் துடித்தாள். ஆனால் அவளுடைய பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. இங்கே வசிக்கும் தங்கள் நாட்டுக்காரர்களுக்குப் புதுப்பித்துக் கொடுக்கச் சென்னையிலிருந்து தூதரக அதிகாரிகள் ஒருநாள் பெங்களூருக்கு வரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, படிவம், போட்டோ எல்லாம் தயார் செய்தாள். பழைய பாஸ்போர்ட்டை எடுக்கப் பீரோவைத் திறந்தால், அது இல்லை.

வீட்டையே புரட்டிப்போட்டாள். அரிசி டப்பாவைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தாள். அப்பாவும் கூடவே தேடினார். கட்டிலுக்கு அடியில் முழங்காலிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். "எங்கதான் போச்சோ" என்று உச்சுக்கொட்டினார். மற்றதையெல்லாம் ஒருவேளை மன்னித்துவிடலாம். அந்த டார்ச்சை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் அதற்கு முந்தின நாள் காலையில், பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, சட்டைக்குள்ளிருந்து அந்தச் சிவப்புப் புத்தகத்தை எடுத்து, என் பையின் அடியில் இருந்த அட்டைக்குக் கீழே அவரே செருகிவைத்திருந்தார். வீட்டில் எங்கே வைத்தாலும் அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்று யோசித்திருக்கிறார்.

"பாப்பா, இது கெடச்சா அம்மா மலேசியா போயிடுவா. போனா திரும்பி வரமாட்டா. உனக்கு அம்மா வேணுமா, வேணாமா?"

"வேணும்பா."

"அப்ப பத்திரமா வெச்சுக்கோ. கேட்டா தெரியாதுன்னு சொல்லிடு."

சொல்லிவிட்டு வைட்ஃபீல்ட் ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க ஸ்கூட்டரில் பறந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பா என்னை நம்பி ஒரு பெரிய வேலை கொடுத்திருக்கிறார் என்று அன்றைக்கு முழுக்கப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

தூதரக அதிகாரிகள் வந்த அன்று, பள்ளி விட்டதும் அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவில் போனாள். ஒரு ஓட்டல் மாடியில் குளிரூட்டிய கூடம். வரிசை வரிசையாக நாற்காலிகள். அதிகாரி, தலையில் முக்காடு போட்ட ஓர் அம்மையார். அம்மா அவரிடம் மலாய் மொழியில் பேச ஆரம்பித்தாள். அவள் அந்த மொழி பேசி நான் கேட்டதே இல்லை. அதைப் பேசும்போது அம்மாவின் முகமே வேறாக இருந்தது. சிரித்தாள், கையை ஆட்டிப் பேசினாள், யாரோ மாதிரி இருந்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. அப்பா சொன்னது சரிதான், இவள் போயே விடுவாள் என்று பையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

பாஸ்போர்ட் காணவில்லை என்றதும் அந்த அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். எனக்கும் புரியும்படி ஆங்கிலத்தில் கேட்டார். தொலைந்துவிட்டதா, இல்லை வீட்டில் யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா? கணவர் வைத்திருந்தால் தயங்காமல் சொல்லலாம், அதற்கு வேறு வழி இருக்கிறது என்றார்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தை, ரிப்பன் அவிழ்ந்து தொங்கிய ஜடையை, பையைக் கட்டிக்கொண்டிருந்த கையை எல்லாம் பார்த்தாள். பிறகு, தொலைந்துதான் போய்விட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அப்படியானால் போலீசில் புகார் கொடுத்து, அந்தச் சான்றோடு சென்னைக்கு வர வேண்டும் என்றார் அதிகாரி. பழையது கையில் இருந்திருந்தால் இன்றைக்கே விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டிருப்பேன் என்று வருத்தத்தோடு சொன்னார். அது என் மடியில் இருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர், "யஜமான்ரு எல்லி?" என்று கேட்டார், வீட்டுக்காரர் எங்கே என்று. தனியாகத்தான் வந்திருக்கிறேன் என்று அம்மா கன்னடத்தில் சொன்னதும் தமிழுக்கு மாறினார். "ஃபாரின் பாஸ்போர்ட் மேட்டர் மேடம். ஹஸ்பண்டைக் கூட்டிட்டு வந்து எழுதிக் குடுங்க."

ஹஸ்பண்டுக்கு அந்த வாரம் ஆபீசில் வேலை. அடுத்த வாரம் வயிற்று வலி. அதற்கடுத்த வாரம், "வெள்ளிக்கிழமை கண்டிப்பா போலாம்" என்றார். வெள்ளிக்கிழமை சர்ச்சில் கூட்டம் என்றார். கடைசியில் அம்மா தனியாகவே போய், எழுதிக்கொள்கிறவரை நகரமாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்து, சாயங்காலம் அந்தத் தாளோடு வீட்டுக்கு வந்தாள். மறுநாளே சென்னைக்குப் போய்க் கொடுத்துவிட்டும் வந்தாள்.

புது பாஸ்போர்ட் வருவதற்குள் பெரியம்மா இறந்துபோனாள்.

அது ஒரு ஞாயிறு மத்தியானம். போனை வைத்துவிட்டு அம்மா சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகைச் சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய்ப் பையைக் கவிழ்த்து, அட்டைக்குக் கீழிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

அதைப் பிரித்துப் பார்த்தாள். "யாரு குடுத்தா?" என்றாள்.

"அப்பா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட்டை வைத்தாள்.

"குடும்பம் உடஞ்சிடக் கூடாதேன்னுதான்..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"எங்கக்கா செத்துட்டா. நீங்க சாப்பிடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ஏற்கெனவே காலாவதியானது, தொலைந்ததாகவும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது; அந்தப் பாஸ்போர்ட் இனி எதற்கும் உதவாது. செல்லாத ஒன்றை அப்பா துடைத்து, பயபக்தியோடு பீரோவில் கொண்டுபோய் வைத்தார்.

புதியது வந்தபின், நாற்பதாம் நாள் பூசைக்காவது இருக்க வேண்டும் என்று அம்மா ஈப்போவுக்குப் போனாள். அவள் வரமாட்டாள் என்று அப்பா சொந்தக்காரர்களிடம் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் காய்ச்சலில் படுத்தேன். ஆனால் சொன்ன தேதியில் அம்மா வந்து நின்றாள். "எங்க போயிடுவா? என்ன இருந்தாலும் நம்ம வீட்டுப் பொண்ணு" என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மறுநாள் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அதான் வந்துட்டியே, அப்பா மேல கோவம் போயிடுச்சாம்மா?" என்று கேட்டேன்.

என் யூனிஃபார்ம் சட்டையை நீவி மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "உன்னையும் கூட்டிட்டுப் போகணும்னா உனக்கு பாஸ்போர்ட் எடுக்கணும் பாப்பா. அதுக்கு அப்பா கையெழுத்து வேணும். அதான் வந்தேன்."

எனக்கு 'வந்தேன்' என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. துள்ளி எழுந்து ஓடிப்போய், அம்மாவுக்குக் கோபம் போய்விட்டது என்று அப்பாவிடம் சொன்னேன்.