வாசலோரம் போட்ட இலை

அறுபதுகளில் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமங்களுக்கு அம்மை குத்தப் போவது என் வேலை. ஒரு மத்தியானம் கனமழை பிடித்துக்கொள்ள, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் ஒதுங்கினேன். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார் வீட்டுக்காரர். எனக்கு வாசலோரம் இலை போட்டார்கள். அவரும் மனைவியும் சின்ன மகளும் உள்மூலையில், கட்டிலை ஒட்டி உட்கார்ந்தார்கள். முதுகில் சாரல் அடித்தது. விருந்தாளியை இப்படியா உட்காரவைப்பது என்று எனக்கு மனம் சுருங்கியது.

சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. மழை இருட்டில் இலை சரியாகத் தெரியவில்லை. பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, "விளக்கு இருந்தா குடுங்க, நானே பொருத்துறேன்" என்றேன்.

அந்த அம்மாள் மகளை இழுத்து மடியோடு அமுக்கிக்கொண்டார். வீட்டுக்காரர் மெல்ல எழுந்து வந்து, தீப்பெட்டியை என் கையிலிருந்து வாங்கி மழைக்குள் எறிந்தார்.

"கோவிச்சுக்காதீக. மழையில வெளிய காயப்போட முடியல. பட்டாசுத் திரி அம்புட்டும் கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கு. இந்தச் சோறே பக்கத்து வீட்டு அடுப்புல ஆக்குனது."

பிசைந்த சோறு வாய்க்குப் போகவில்லை.

"அப்ப நீங்க ஏன் அந்த மூலையில..." என்று இழுத்தேன்.

"வாசல்கிட்ட ஒரு ஆளு உக்காரத்தான் எடம் இருக்கு. ஏதாச்சும் ஒண்ணுன்னா வந்தவுக மொதல்ல வெளிய போயிரணும்ல" என்றபடி குழம்பை ஊற்றினார் அவர்.

இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அந்தச் சிறுமியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாசலைவிட அவளுக்குக் கட்டில்தான் பக்கம். மழைக்கு வானம் இருட்டும்போதெல்லாம் இன்றும் எனக்கு அந்த மூலைதான் தெரிகிறது.