தாளாளர் முகம் ஒட்டிய ராக்கெட்

ஒரு விரலால் இழுத்தால் கழன்று வர வேண்டும். எங்கள் துறைத்தலைவர் அந்த ராக்கெட்டைத் தொடும்போதெல்லாம் முதலில் செய்வது அதைத்தான். மேல்பாதியும் கீழ்பாதியும் சேருகிற இடத்தில் ஆள்காட்டி விரலைக் கொடுத்து மெல்ல இழுப்பார். 'பொக்' என்று சின்னச் சத்தத்தோடு அது இரண்டாகப் பிரியும். அப்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். மற்ற நேரத்தில் அவர் சிரித்தால் யாருக்கோ கேடு என்று அர்த்தம். இந்தச் சிரிப்பு மட்டும் வேறு. "மேல போறது பெரிசில்ல. உச்சியில போயி ரெண்டாப் பிரியணும். பிரிஞ்சாத்தான் பாராசூட் வெளிய வரும். பிரியலன்னா அது ராக்கெட் இல்ல, கடப்பாறை" என்பார். ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் தொடங்குவார். அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலில் எழுதுகிறேன்.

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் தற்காலிக லேப் அசிஸ்டண்டாக இருந்தேன். சொந்த ஊர் ஆண்டிமடம் பக்கம், முந்திரிக் காட்டு ஊர். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ லேப்பு" என்பார். கண்ணாடி நாரை அறுக்கும்போது தூள் பறந்து முழங்கை வரை அரிக்கும். சொறிந்தால் போதும், "இவளுக்கு என்னடா அரிப்பு? முந்திரிக்கொட்டை உடைச்ச கைதான, தோலு மரத்துல்ல போயிருக்கணும்" என்று மாணவர்களைப் பார்த்துச் சொல்வார். அவர்களும் சிரிப்பார்கள், சிரிக்காவிட்டால் அடுத்தது அவர்கள்தான். ஒரு பையன் இறக்கைத் தகட்டைத் தப்பான அளவில் வெட்டிவிட்டான். அதில் ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, அவன் கழுத்திலேயே மாட்டி, கேன்டீனுக்குப் போய் டீ வாங்கி வரச் சொன்னார். அந்த டீயை ஊதி ஊதி நிதானமாகக் குடித்தார்.

ராக்கெட் என்றால் தீபாவளி ராக்கெட் இல்லை. என்னைவிட ஒரு தலை உயரம். கண்ணாடி நார்க் குழாய், மூன்று இறக்கைகள், உள்ளே பாராசூட், இரண்டு பாதியையும் உச்சியில் தள்ளிப் பிரிக்க ஒரு சிட்டிகை கரிமருந்து. முதல் தடவை செந்துறைக்கு அப்பால் ஒரு தரிசில் விட்டோம். நன்றாகத்தான் போனது, நன்றாகத்தான் பிரிந்தது. பாராசூட் கயிறு மட்டும் முறுக்கிக்கொண்டு பாதிதான் விரிந்தது. சுண்ணாம்புப் பாறை மேல் வந்து விழுந்ததில் இரண்டு இறக்கைகள் ஒடிந்தன, கீழ்க்குழாய் மூங்கில் பிளந்தது மாதிரி நெடுக்கப் பிளந்தது. அணிக்குக் கேப்டனாக இருந்த ஜெயங்கொண்டத்துப் பெண் அதை மடியில் போட்டுக்கொண்டு வேனில் அழுதாள். துறைத்தலைவர் முன்சீட்டிலிருந்து திரும்பி, "பொணத்த எங்கம்மா பொதைக்கப் போற?" என்றார்.

ஆனால் புதைக்கவில்லை. திரும்பக் கட்டச் சொன்னார். பிளந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே ஒரு சிறிய குழாயைச் சொருகி, அதன்மேல் புதுத் துண்டை எபாக்சிப் பசையில் இணைத்தோம். ஒடிந்த இறக்கைகளின் வேரைச் சுரண்டி எடுப்பதற்குள் உளி நுனி மழுங்கிப்போனது. புது இறக்கைகளை வைத்து, இடுக்கில் நார்த்துணி ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டோம். பட்டி வைத்துத் தேய்ப்பது, பிரைமர் அடிப்பது, மறுபடி தேய்ப்பது என்று வாரக்கணக்கில் போனது. மாணவர்கள் வகுப்புக்குப் போய்விடுவார்கள். பெரும்பாலும் நானும் கேப்டன் பெண்ணும்தான். கடைசியில் ஆரஞ்சு அடித்தோம். அவர் வந்து, சாய்த்துப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, தழும்பைத் தேடினார். கிடைக்கவில்லை. விரலைக் கொடுத்து இழுத்தார். 'பொக்'. இணைப்பில் பெயிண்ட் ஏறி இறுகிவிடாமல் டேப் சுற்றித்தான் அடித்திருந்தோம். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. "தொலையட்டும்" என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிது என்று நாங்கள் இருவரும் சந்தோஷப்பட்டோம். அதை இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

அந்த வருடத்தோடு அவர் ஓய்வு பெற வேண்டும். பணி நீட்டிப்பு கொடுப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும் தாளாளர் கையில். கல்லூரி முழுக்கத் தெரிந்த விஷயம் இது. நீட்டிப்பு இல்லையென்றால் அவருக்கு லேப் இல்லை, ராக்கெட் இல்லை, திட்டுவதற்கு ஆள் இல்லை. இரண்டாவது தடவை ராக்கெட் விடுவதைப் பார்க்கத் தாளாளரே குடும்பத்தோடு வருகிறார் என்றதும் துறைத்தலைவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கூட்டங்களில் தாளாளர் என்ற பேச்சு வந்தாலே நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். எங்களை அப்படி ஆட்டிவைத்த மனிதர் இன்னொருவர் முன் அப்படிக் குழைந்ததைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

அன்று காலை தரிசில் ஷாமியானா போட்டு, சோபா கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பாராசூட்டை மடித்து வைத்து, கரிமருந்தை அளந்து வைத்து, இரண்டு பாதியையும் மூடி முடித்தோம். அப்போதுதான் அவர் ஒரு சுருளோடு வந்தார். பெரம்பலூரில் பஸ் பின்பக்கத்துக்குப் படம் அடிக்கிற கடையில் சொல்லிச் செய்த ஸ்டிக்கர், தோல் மாதிரி கெட்டி. அதில் தாளாளர் வெள்ளைச் சட்டையில் கும்பிட்டுக்கொண்டு நின்றார். யார் கையிலும் கொடுக்காமல், அவரே மண்டியிட்டு, ராக்கெட்டைச் சுற்றி வளைத்து ஒட்டினார். குழாய் சிறியது, முகம் பெரியது. இரண்டு காதும் முதுகுப் பக்கம் போய் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முகம் மேல்பாதியில், சட்டை கீழ்பாதியில். பிரிய வேண்டிய இணைப்பு சரியாகக் கழுத்துக்கு நேரே, ஸ்டிக்கருக்கு அடியில் போய்விட்டது.

கேப்டன் பெண் பிளேடை எடுத்துக்கொண்டு குனிந்தாள். "சார், ஜாயிண்ட் மேல சுத்திவர ஒரு கீறு போட்டுடுறேன் சார். வெளிய தெரியாது."

"எங்க கீறுவ?"

"இங்க சார். கழுத்துகிட்ட."

அவர் முகம் வெளுத்துவிட்டது. தாளாளர் அந்த மாதம்தான் தொண்டையில் ஆபரேஷன் முடித்து வந்திருந்தார். அவரும் அவர் மனைவியும் சோபாவில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அறிவு இருக்கா ஒனக்கு? அந்தம்மா பாக்கையில அவரு கழுத்த அறுக்கப் போறியா? பிளேட கொண்டா" என்று பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப பிரியாது சார்" என்றேன் நான்.

"அதெல்லாம் கிழிச்சுக்கிட்டு வரும். நீ பெயிண்ட் அடிச்சதோட நிறுத்திக்க."

"நீங்கதான சார் சொல்லுவீங்க, ஒரு விரல்ல இழுத்தா வரணும்னு? இப்ப இழுத்துப் பாருங்க."

அவர் இழுத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் வராது என்று அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "லேப்பு, இன்னொரு வார்த்த பேசின, நாளைக்கு நீ வர வேண்டாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, ஷாமியானாப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

ராக்கெட் எழுந்தது. எங்கள் ஒட்டும் பெயிண்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. கோடு போட்டது மாதிரி நேராகப் போனது. எல்லோரும் கைதட்டினார்கள். உச்சியில் ஒரு பொட்டு வெள்ளைப் புகை, பிறகு 'டப்' என்று சத்தம். கேப்டன் பெண் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பாராசூட் வரவில்லை. தலைகீழாகத் திரும்பி, சீறிக்கொண்டு இறங்கி, ஆள் இல்லாத பருத்திக் கொல்லையில் குத்தியது. நாங்கள் ஓடினோம். தாளாளரும் காரில் வந்துவிட்டார். மேல்பாதி முழுக்க மண்ணுக்குள். வெள்ளைச் சட்டையும் கும்பிட்ட கையும் மட்டும் வெளியே தலைகீழாக நின்றன. கழுத்தில் ஸ்டிக்கர் ஒரு இழைகூடக் கிழியவில்லை.

"யாரு ஒட்டினது?" என்றார் தாளாளர். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் குரல் காற்றாகத்தான் வரும். அதனால் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள்.

துறைத்தலைவர் யோசிக்கவே இல்லை. "இந்த லேப் அசிஸ்டண்ட் பொண்ணுதான் சார்."

"பொய் சொல்லாதீங்க சார். நீங்கதான் ஒட்டினீங்க" என்றேன். கேப்டன் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு இன்னும் ஒரு செமஸ்டர் பாக்கி இருந்தது. தாளாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சோபாவில் உட்கார்ந்து, ஒட்டியது யார் என்று தன் கண்ணாலேயே பார்த்த மனிதர் அவர். லேசாகச் சிரித்துக்கொண்டே, "அந்தப் பொண்ண நிறுத்திடுங்க. நீங்க இருங்க, சார். ஒங்கள மாதிரி ஆளுதான் எனக்கு வேணும்" என்றார். பிறகு ராக்கெட்டைக் காட்டி, "மூஞ்சிய அப்படியே வுட்டுட்டுப் போயிடாதீங்க" என்றார். துறைத்தலைவர் அத்தனை மாணவர்களுக்கு முன்னால் மண்டியிட்டு, வெறும் கையால் மண்ணைத் தோண்டத் தொடங்கினார். நகம் பெயர்ந்து ரத்தம் வந்ததைப் பார்த்தேன். யாரும் உதவிக்குக் குனியவில்லை.

நீட்டிப்பு கிடைத்தது. ராக்கெட் வேலையை அன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டார் தாளாளர். லேப்பைப் பூட்டி, மாணவர் வருகைப் பதிவைச் சரிபார்க்கிற வேலையை அவருக்குக் கொடுத்தார்கள். எதற்காகப் பொய் சொன்னாரோ அது அவர் கையில் இல்லை. வேலை மட்டும் இருந்தது. இதைக் கேள்விப்பட்டு நான் வருத்தப்படவில்லை. இப்போது அரியலூரில் ஃபைபர் கதவு செய்கிற பட்டறையில் இருக்கிறேன். அதே எபாக்சி, அதே அரிப்பு. இங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

போன மாதம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். நான் போக வேண்டிய செந்துறை பஸ்ஸுக்கே அவரும் நின்றுகொண்டிருந்தார். ஒடுங்கிப்போயிருந்தார். என்னை அடையாளம் கண்டு அவராகவே கிட்டே வந்தார். நலம் விசாரிப்பார், ஒருவேளை வேறு ஏதாவதுகூடச் சொல்வார் என்று ஒரு நொடி நினைத்தேன். "அன்னைக்கு நீ கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்மா. சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்" என்றார்.

பஸ் வந்தது. படி உயரம். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற முடியாமல், "கையக் கொடும்மா" என்றார். நான் முன்னால் ஏறிப் போய் உட்கார்ந்துகொண்டேன். கண்டக்டர்தான் தூக்கி ஏற்றினார். கூட்டம் அதிகம். என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து கம்பியில் தொங்கிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வளைவிலும் முழங்கால் மடங்கியது. எழுந்து இடம் கொடுக்கச் சொல்லிப் பக்கத்திலிருந்த பெண் என்னை இடித்தாள். நான் அசையவில்லை.

செந்துறை வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். எனக்கு அது போதவில்லை.