திரை விலகிய பிறகு

ஓடெல் புரூயிட் 1971இல் எங்கள் சிம்பொனி இசைக்குழுவில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிக்கச் சேர்ந்தபோது, தொண்ணூறு பேரில் அவர் ஒருவரே கறுப்பர். முப்பது ஆண்டுகளில் கொரிய, சீன முகங்கள் பல வந்துவிட்டன. கறுப்பர் அப்போதும் அவர் மட்டும்தான்.

ஓய்வுக்கு முந்தைய வாரம், புது ஆள் தேர்வில் அவரும் நடுவர். வாசிப்பவர் திரைக்குப் பின்னால் இருப்பார். பெயர் கிடையாது, எண் மட்டுமே.

ஏழாம் எண் வாசித்து முடித்ததும் வயோலாக் கலைஞர்களின் தலைவர் கெர்ஹார்ட் சிரித்தார்.

"இது கொரியாப் பொண்ணு, பந்தயமே கட்டலாம். விரல் ஓடுது, மனசு இல்ல. நாலாம் நம்பர்தான் நம்மாளு. என்ன ஆழம்!"

"தாள்ல நாலுன்னே எழுதிட்டியா?" என்றார் ஓடெல்.

"எழுதியாச்சுப்பா."

கடைசிச் சுற்றில் வழக்கப்படி திரையை விலக்கினார்கள். நாலாம் எண் கொரியப் பெண் ஹேசுக் யூன். ஏழாம் எண், கெர்ஹார்டிடமே ஆறு வருடம் படித்த வெள்ளைக்காரப் பையன் டெரில். மீண்டும் இருவரும் வாசித்தார்கள். கெர்ஹார்ட் கூசாமல் நாலை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார். "இப்பத்தான்யா இவன் ஆழம் புரியுது!"

மற்ற நடுவர்களும் மாற்றினார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

ஓடெல் நாலு என்றே எழுதிவிட்டு எழுந்தார்.

"அந்தத் திரையை இங்க தூக்கிட்டு வாங்க. உங்க மூஞ்சியைப் பார்த்தா குமட்டுது."

வேலை டெரிலுக்குப் போயிற்று. தனக்கு வைத்த பிரிவு விருந்துக்கு ஓடெல் வரவில்லை.