தோல்வியே காணாத ஹெவிவெயிட்

வாசகசாலையில் ஒரு வாக்குவாதம்

நாகர்கோவிலில் நான் பத்திரிகை படிக்கப் போகும் வாசகசாலையில் போன மாதம் பெரிய தர்க்கம். இன்றைய ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரர்கள் பெரியவர்களா, பழைய காலத்து ஆட்களா? காலேஜில் படிக்கும் பையன்கள் எல்லாம் பழைய ஆட்கள் பக்கம்.

"அவனுவ நாப்பது ரவுண்டு நின்னானுவ. இப்ப உள்ளவனுவ பதினஞ்சுலயே தீந்து போறானுவ" என்றான் ஒருத்தன். அப்புறம் என் பக்கம் திரும்பினான். "வெளிநாட்டுக்கு எதுக்குப் போவணும்? நம்ம வலியவீட்டு மாதவனை எடுத்துக்கிடுங்க. தோத்ததே கிடையாது. அப்படி ஒருத்தன் இப்ப உண்டுமா? அண்ணாச்சி, நீங்க கார்னிவல்ல ஹெவிவெயிட்டா இருந்த ஆளு. நீங்களே சொல்லுங்க."

நான் தலையாட்டுவேன் என்று நினைத்திருக்கிறான். பழைய ஆள் பழைய காலத்தைத்தானே தூக்கிப் பேசுவான்! என் வாயில் வந்ததை அப்படியே அங்கே சொல்லியிருந்தால் மறுநாள் உள்ளே விட்டிருக்கமாட்டார்கள். ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் லட்சணம்

கூடாரத்துக்கு முளை அடிக்கும் வேலைக்குத்தான் நான் கார்னிவலில் சேர்ந்தேன். வைக்கத்தில் சத்தியாக்கிரகம் முடிந்து ஒரு வருஷம் இருக்கும். முதலாளி காதர், குளச்சல்காரர். டிக்கெட் கிழிப்பது, பெல் அடிப்பது, ரெஃபரியாக நிற்பது எல்லாம் அவரே. குத்துச்சண்டைக்கு வைத்திருந்த ஆள் காய்ச்சலில் படுத்ததும், என்னைக் கூப்பிட்டுக் கொப்பரை வியாபாரியின் தராசில் ஏற்றினார்.

"நூத்தித் தொண்ணூறு ராத்தல்! ஏலே ஞானாபரணம், நீ ஹெவிவெயிட்டுலே!"

அன்று சாயங்காலமே ரிங்கில் ஏறினேன். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

இடது கையால் குத்தி ஆளைத் தள்ளி நிறுத்துவது என்றால் என்னவென்றே எங்களுக்குத் தெரியாது. காலை ஊன்றி நின்றுகொண்டு வலது கையை வீசுவோம். பட்டால் உண்டு, இல்லாவிட்டால் மறுபடியும் வீசுவோம். ஸ்கிப்பிங் கிடையாது, ஓட்டம் கிடையாது. ரிங்கைச் சுற்றித் தேங்காய்த் தும்புக் கயிறு. சாய்ந்தால் முதுகுத் தோல் உரியும். இன்றைய ஆள் இடது கையை இரண்டு தடவை நீட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் கீழே விலாவில் ஒன்று வைக்கிறான். பல்லுக்கு ரப்பர் வைத்திருக்கிறான். நாங்கள் பல்லைத் துப்பினோம். நாற்பது ரவுண்டு நின்றார்கள் என்று பெருமை பேசுகிறார்களே, இரண்டு பேருக்கும் குத்தத் தெரியாவிட்டால் நானூறு ரவுண்டும் நிற்கலாம்.

இது தொழில் விஷயம். என் கோபம் வேறு. அதற்கு மாதவன் கதையைச் சொல்ல வேண்டும்.

ஆணியில் தொங்கிய கிளவுஸ்

புதுக்கடை ஊரில் நாங்கள் கூடாரம் போடும்போதெல்லாம் வலியவீட்டு மாதவன் வந்து ஏறுவான். அந்த வட்டாரத்தில் பாதி நிலம் அவன் வீட்டுக்குச் சொந்தம். கூடாரம் நின்ற சந்தைத் திடல்கூட அவர்களுடையதுதான். ஆள் சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஹெவிவெயிட். வலது கை இறங்கினால் மரம் சாய்கிற மாதிரி ஆள் சாய்வான். வெளியூரிலிருந்து முதலாளி பிடித்து வரும் பயில்வான்களையும் பட்டாளத்துக்காரர்களையும் ஒவ்வொருவராகப் படுக்க வைத்தான்.

என்னோடு மட்டும் ஏறமாட்டான். என் அப்பா பனையேறி. நாங்கள் வேதத்தில் சேர்ந்து சர்ச்சுக்குப் போனாலும் வலியவீட்டுக்கு நாங்கள் பழையபடி தொடக்கூடாத சாதிதான். அவன் வருகிற நாளில் என் கிளவுஸைக் கூடாரத்துக்கு வெளியே ஆணியில் தொங்கவிடுவார்கள். என் தண்ணீர் வாளி தனி. நான் தொட்ட கயிற்றைக் கழுவிய பிறகுதான் அவன் காலை உள்ளே வைப்பான். எங்கள் சாதியில் வேறு யார் சவால் விட்டாலும் அதே கதைதான்.

எனக்கு ஒரே ஆசை. அவனோடு ஒரு தடவை ஏற வேண்டும். அவன் பெரியவனா நான் பெரியவனா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கல்யாணப் பேச்சு வந்தபோதுகூட அது முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். முதலாளியிடம் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவார்.

"வேண்டாம் மக்கா. அவனுக்க நெலத்துல நின்னுக்கிட்டு அவன்கிட்ட வம்பு வைக்கப்பிடாது."

யார் வேண்டுமானாலும்

ஒரு சந்தை நாள். முதலாளி வாசலில் புது போர்டு வைத்தார். "தோல்வியே காணாத மாதவன்! யார் வேண்டுமானாலும் ஏறலாம்!" சும்மா கூட்டம் சேர்க்க எழுதியது. கம்பெனி ஆட்கள் சவாலுக்கு ஏறக்கூடாது என்று எங்களுக்கு விதி இருந்தது. நான் நேரே முதலாளியிடம் போய், கம்பெனி பனியனைக் கழற்றி அவர் மேசைமேல் வைத்தேன்.

"இன்னையிலேருந்து நான் ஒங்க ஆளு இல்ல மொதலாளி."

"லேய், ஒனக்கு என்ன கிறுக்கா? நாளைக்குக் கஞ்சிக்கு என்ன செய்வே?"

"யாரு வேணும்னாலும் ஏறலாம்னு எழுதுனது நீங்கதானே? நான் அதுல சேத்தி இல்லியா?"

அவர் பதில் சொல்வதற்குள் ஆணியிலிருந்து என் கிளவுஸை எடுத்துக்கொண்டு ரிங்கில் ஏறிவிட்டேன். உள்ளே மாதவன் நின்றுகொண்டிருந்தான். கூட்டத்தில் பின்னாலிருந்து கத்தினார்கள். தேங்காய் வெட்டுகிறவர்கள், சுமைக்காரர்கள், மீன் விற்க வந்த பெண்கள், எல்லாம் எங்கள் ஜனம்.

வலியவீட்டுக் காரியஸ்தர் ஓடி வந்தார். அவருக்குத்தான் அந்த மேதாவித்தனமான யோசனை தோன்றியது. "ஏறணும்னா ஏறட்டும். முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு, கழுத்துல துண்டைச் சுத்திக்கிட்டு ஏறட்டும். எசமானுக்க மேல இவன் தோலு படாதுல்லா."

முதலாளிக்கு உயிர் வந்தது. ஆனால் கார்னிவலில் முழுக்கைச் சட்டை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கோமாளியுடையது. சிவப்பும் மஞ்சளுமாகப் பெரிய பெரிய பொட்டு. அதைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினார். "போட்டுக்க மக்கா. நீ கேட்டது கெடைச்சாச்சு பாரு. என்னை நெனைச்சுப் போட்டுக்க."

ஆசைப்பட்ட சண்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு சட்டைதானே என்று ஒரு கணம் நினைக்கவும் நினைத்தேன், மறைக்கவில்லை. அடுத்த கணம் உடம்பெல்லாம் தீப்பிடித்தது.

"அந்தக் காலத்துல எங்க பாட்டிமாரு தோள்ல துணி போட்டப்ப சந்தையில வச்சுக் கிழிச்செறிஞ்சிய. இப்ப எனக்குத் துணி உடுத்தி விடுதியளா? போடமாட்டேன்வே! நான் பிறந்த தோலோடதான் நிப்பேன். வாற ஆளு வரட்டும்!"

கூட்டம் ஓவென்று எழுந்தது.

மாதவன் என்னையே பார்த்தான். அவன் இடது கால் ஒரு அடி முன்னால் வந்தது. கண்ணால் என் கை நீளத்தை அளந்தான். தொழில் தெரிந்தவனுக்கு அது புரியும். அவனுக்கும் என்னோடு ஏற ஆசை இருந்தது. பயந்தாங்கொள்ளி அல்ல அவன். அதுதான் இன்றுவரை எனக்கு ஆத்திரம். பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"நல்ல ஆளுதாண்டா நீ. ஆனா எனக்குத் திரும்ப வீட்டுக்குப் போணும்."

"எனக்கும் வீடு உண்டும் எசமானே" என்றேன்.

அவன் கயிற்றைத் தூக்கிக் குனிந்து இறங்கிப் போய்விட்டான்.

முதலாளி பெல்லைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். ஒரு மீன்காரி எழுந்து நின்று கத்தினாள். "என்னவே பாத்துக்கிட்டு நிக்குதீரு? ஆளு ரிங்குல இல்லேன்னா எண்ணணும்லா? எண்ணும்வே!"

முதலாளி எண்ணவில்லை. அவள் எண்ணினாள். "ஒண்ணு!" ரெண்டு என்றபோது நாலு பேர் சேர்ந்தார்கள். ஐந்து என்றபோது சந்தை முழுக்கச் சேர்ந்தது. ஆளில்லாத அந்த மூலையைப் பார்த்துப் பத்துவரை எண்ணினார்கள். என் கையைத் தூக்க ரெஃபரி வரவில்லை. நானே தூக்கிக்கொண்டேன்.

எனக்குத் தெரியாத ஒன்று

கார்னிவல் மறுநாளே அஞ்சுகிராமம் பக்கம் போயிற்று, நான் இல்லாமல். காதர் முதலாளிமேல் எனக்குக் கோபம் கிடையாது. நான் கொழும்புக்குப் போனேன். கறுப்பன், வெள்ளையன், மலாய்க்காரன் என்று வந்தவனோடெல்லாம் ஏறினேன். ஜெயித்ததைவிடத் தோற்றது கூடுதல். வலது காது போயிற்று. ஒவ்வொரு தோல்வியிலும் யாருக்கு நான் சிறியவன் என்று தெரிந்துகொண்டேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அமெரிக்காவிலும் பழைய பெரிய சாம்பியன்களில் சிலர் கறுப்பர்களோடு ஏறமாட்டேன் என்று இருந்தவர்கள்தான் என்று பத்திரிகையில் படித்தேன். எனக்கு ஆச்சரியமாக இல்லை. இன்று கறுப்பனும் வெள்ளையனும் ஒரே ரிங்கில் நின்று கணக்குத் தீர்க்கிறார்கள். இன்றைய ஹெவிவெயிட் பெரியவன் என்று நான் சொல்வது அதனால்தான். எதிரே வருகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று அவன் கேட்பதில்லை. குத்து வாங்குகிறான், கொடுக்கிறான், தோற்றால் தோற்றேன் என்கிறான்.

மாதவனை நான் ஜெயித்திருப்பேனா? தெரியாது. மூன்றாவது ரவுண்டில் அவன் வலது கை என்னைச் சாய்த்திருக்கலாம். சாய்த்திருந்தால் இந்த ஊரிலேயே பெரிய ஹெவிவெயிட் அவன்தான் என்று முதலில் நானே எழுதியிருப்பேன். ஒரு சண்டையில் தெரிந்திருக்க வேண்டியதை எனக்குக் கடைசிவரை தெரியவிடாமல் செய்துவிட்டான். அவனுக்கும்தான் தெரியாது. சாகும்வரை தெரியப்போவதில்லை.

ஆகவே தம்பிமார்களே, இனிமேல் எவனையாவது தோல்வியே காணாதவன் என்று சொல்வதற்கு முன்னால், அவன் யாரோடெல்லாம் ஏறமாட்டேன் என்றான் என்று விசாரியுங்கள். மாதவன் விஷயத்தில் ரொம்ப அலைய வேண்டாம். அவன் ஏற மறுத்த ஆள் நான்தான். இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.